டைம் அவுட்: இடைவேளையா, இடைநிறுத்தமா?

கூடைப்பந்தில், பயிற்சியாளர் தம் அணியைப் பக்கத்தில் அழைத்துப் பேசுவதற்காகக் கேட்டுப் பெறும், ஆட்டக் கடிகாரத்தில் சேராத ஒரு நிமிடமே 'டைம் அவுட்'. கணக்குக்கு வெளியே எடுத்துவைத்த நேரம் என்பது இந்த ஆங்கிலச் சொல்லின் கருத்து. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு 'அவுட்' என்றதும் ஆட்டமிழப்பு நினைவுக்கு வரலாம். 2023 உலகக் கோப்பையில் ஏஞ்சலோ மேத்யூஸ் ஆன 'டைம்டு அவுட்' அந்த வகையே அன்றி இந்த வகை அன்று.

இதைச் சிலர் 'இடைவேளை' என்று எழுதுவது பொருந்தாது. இடைவேளை யாரும் கேட்காமல் தானாக வருவது. இரண்டு கால்பகுதிகள் முடிந்ததும் அது வந்தே தீரும். 'நிறுத்தம்' அப்படியல்ல. 'நில்' என்பதன் பிறவினை 'நிறுத்து'. அதற்கு நிறுத்துகிறவர் ஒருவர் வேண்டும். வேலைநிறுத்தம் என்ற சொல்லிலும் அந்த ஆள் மறைந்திருக்கிறார். ஆகவே 'இடைநிறுத்தம்' என்பதையே நான் எழுதுவேன். ஆனால் நிறுத்துகிறவர் யார் என்பதில்தான் சண்டையே தொடங்குகிறது.

பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி ஒவ்வோர் அணிக்கும் முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3 இடைநிறுத்தங்கள் உண்டு. தலைமைப் பயிற்சியாளரோ முதல் துணைப் பயிற்சியாளரோ ஆட்டக் கணக்கை எழுதும் குறிப்பாளரின் மேசைக்கு நேரில் வந்தோ, அங்கிருப்பவரின் பார்வையைப் பிடித்தோ, கைச்சைகையோடு தெளிவாகக் கேட்க வேண்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அது கிடைக்காது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியிலோ, பந்து தம் அணியின் வசம் இருந்தால் களத்தில் ஆடுபவரே கேட்கலாம். கைப்பேசியில் அந்த ஆட்டங்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள், இங்கும் அதுவே நடப்பென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏற்காட்டில் ஒரு பள்ளித் திடலில், எதிர் வளையமே மங்கலாகத் தெரியும் பனிமூட்டத்தில், மாணவியர் ஆட்டமொன்றுக்கு நான் குறிப்பாளராக இருந்தேன். கடைசி நிமிடம், ஒரு புள்ளி வித்தியாசம், பந்து மலைப்பள்ளியின் வசம். சேலத்து அணியின் பயிற்சியாளர் இருக்கையிலிருந்து எழுந்து "சார், டைம் அவுட்!" என்று கத்தியதும், என் விரல் யோசிக்காமல் பஸ்ஸரை அழுத்திவிட்டது. ஒன்பது பேர் நின்றார்கள். பந்தை வைத்திருந்த பெண் மட்டும் நிற்காமல் ஓடி அதைக் கூடையில் போட்டுவிட்டாள். ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் விசிலே தவிர மேசையின் பஸ்ஸர் அன்று என்பதால், அந்த 2 புள்ளிகள் செல்லும் என்றார் நடுவர்.

"நான் டைம் கேட்டேனே, பஸ்ஸரும் அடிச்சாச்சே" என்று சேலத்துப் பயிற்சியாளர் வாதாடினார். விதிப்படி நடுவர் சொன்னது சரி. ஆனாலும் நின்றுபோன அந்தச் சேலத்துப் பிள்ளைகளை ஏமாற்றியது என் பஸ்ஸர் என்பதை நான் மறுக்க முடியாது. கேட்டது வேறு, கிடைத்தது வேறு. இரண்டையும் 'டைம்' என்ற ஒரே சொல்லால் சொல்வதால், நடுவர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்ற ஐயம் எளிதில் முளைக்கிறது. முன்னதை 'இடைநிறுத்தக் கேட்பு' என்று பிரித்தெழுதலாம்.

கூடை விழுந்ததால், புள்ளி இழந்த அணிக்கு இப்போது இடைநிறுத்தம் பெறும் உரிமை வந்திருந்தது. அந்தப் பயிற்சியாளர் மேசைக்கு வந்து, உள்ளங்கையும் விரலுமாக 'T' வடிவம் காட்டி, முறைப்படி கேட்டார். நடுவர் விசில் ஊதியபின், ஆட்டத்தாளில் அவர் அணியின் கட்டத்தில் '10' என்று அந்தக் கால்பகுதியின் நிமிடத்தைக் குறித்தேன்.