புலப்படத்து ஓடைக் கோடும் வெள்ளத்தின் கோடும்

முன்பணம் கொடுப்பதற்கு முன் மனையை அளந்து பார்க்க என்னை அழைப்பவர்கள், பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவைத் துறை வரைந்த எல்லைப் படம்) நீட்டி, "பள்ளத்துக்கு வெளியதானுங்களே சைட்டு?" என்று கேட்பது வழக்கம். பள்ளம் என்பது எங்கள் பக்கத்தில் ஓடை. பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். ஆனால் ஓடைப் புறம்போக்கு எங்கே முடிந்து பட்டா நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டவே புலப்படம் வரையப்பட்டது. பெருமழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பது அதில் இருக்காது.

தண்ணீர் ஏறும் எல்லையான அந்த இரண்டாவது கோட்டை வரைவது காவிரிக் கரையில் ஓரளவு எளிது. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி திறக்கப்பட்டபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. அப்படியொரு வீட்டில், தண்ணீர் நின்ற உயரத்தில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அதற்குக் கீழே சேற்றின் பழுப்பு தெரிந்தது. வாசற்படியில் அளவு குறித்த ஸ்டாஃப் கம்பை நிறுத்தி, உயர வேறுபாட்டை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியில் பார்த்தேன். படியிலிருந்து ஆணி 4 அடிக்குச் சற்று மேல். இத்தகைய ஆணிகளுக்கெல்லாம் கடல்மட்ட உயரம் குறித்துவிட்டால், மேட்டூரில் இத்தனை கன அடி என்றால் இந்தத் தெருவில் இத்தனை அடி என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பவானி ஆறு காவிரியில் கலக்கும் கூடுதுறைக்குக் கீழே இருக்கும் பள்ளிபாளையத்துக்கு மட்டும், அந்த ஆற்றில் வருவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நொய்யல் ஆறும் அதில் சேரும் பள்ளங்களும் வேறு வகை. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், அவை ஓடும் நீர்வழி என்பதே மறந்துபோகிறது. 2011 நவம்பரில் திருப்பூரில் ஓடை பெருகி உயிர்களைப் பறித்தது ஒரே இரவு மழையில். இங்கே அணைக்கணக்கு கிடையாது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும், ஒவ்வொரு சிறுபாலத்திலும் தண்ணீர் போகும் கண்ணின் அகலத்தையும், அதில் அடைந்திருக்கும் குப்பையையும்கூட நேரில் அளந்துதான் வரைபடம் போட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் செயற்கைக்கோள் உயரத் தரவை நம்பிச் சிலர் வண்ணப்படம் போட்டுத் தருகிறார்கள். உயரத்தில் சில மீட்டர் பிழை உள்ள தரவை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

ஆறு பெருகினால் மூழ்கும் நிலமான வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரிப்பதற்கான மாதிரிச் சட்ட முன்வரைவை ஒன்றிய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர் (1978), ராஜஸ்தான் (1990), உத்தராகண்ட் (2012) எனச் சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. மருத்துவமனை, மின்நிலையம், தொழிற்சாலை போன்றவை நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், பூங்காவும் விளையாட்டுத் திடலும் தாழ்வில் இருக்கலாம் என்பது அதன் அடிப்படை. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்று பொருளல்ல. எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 26 விழுக்காடு.

அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இந்த நூறாண்டு வெள்ளக் கோட்டைக் காட்டும் வரைபடத்தின் மேல்தான் நிற்கிறது; கோட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு வங்கிக் கடன் வேண்டுமானால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். நம் நாட்டில் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடக்கம். 5 கோடி ரூபாய் வரையிலான சிறு தொழிற்கூடங்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. பாலிசி எடுத்தவர்களும் அதில் எழுதியிருக்கும் முகவரியைப் படிப்பதில்லை. எனக்குத் தெரிந்த விசைத்தறிக்காரர் ஒருவர், இடம் போதவில்லை என்று தறியில் ஏற்றும் நூல் பாவுகளை ஆற்றோரத்துப் பழைய கொட்டகைக்கு மாற்றியிருந்தார். பாலிசியில் இருந்தது மேட்டிலிருந்த தறிக்கூடத்தின் கதவு எண் மட்டும். நனைந்ததோ கொட்டகைச் சரக்கு. ஆண்டுதோறும் பிரீமியம் தவறாமல் கட்டியவருக்கு, அந்தச் சரக்கின் பேரில் ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை.