லியூக்கோடிஸ்ட்ரோபி: வெண்பொருட்சிதைவு

கிரேக்கத்தில் லியூகோஸ் என்றால் வெண்மை, டிஸ் என்றால் கேடு, ட்ரோஃபே என்றால் ஊட்டம். மூன்றையும் கோத்து 1928இல் ஜெர்மானிய நரம்பியலாளர்கள் பீல்ஷோவ்ஸ்கியும் ஹென்னபெர்க்கும் இச்சொல்லை வழங்கினர். வெண்மை இங்கே மூளையின் வெண்பொருளைக் குறிக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையின் கொழுப்பால் வந்த நிறம் அது. மரபணுப் பிழையால் அந்த உறை சரியாக உருவாகாமலோ உருவானபின் அழிந்தோ போகும் நோய்கள் பலவற்றுக்கும் இதுவே பொதுப்பெயர்.

இதைத் தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'வெண்பொருள் ஊட்டக்கேடு' என்று வரும். அதை ஏற்கவே கூடாது. குழந்தைக்குச் சரியாக உணவு கொடுக்கவில்லையோ என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்வார்கள். உணவுக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. 'வெண்பொருள் தேய்வு' என்றாலோ அது முதுமையை நினைவூட்டுகிறது. நடப்பதைச் சரியாகச் சொல்வது வெண்பொருட்சிதைவுதான்.

இந்நோய்களுள் ஒன்று மெட்டாகுரோமேட்டிக் வகை. 'நிறமாற்ற' என்று எழுதினால் மூளையின் நிறம் மாறுவதாகப் படும். உண்மையில் மாறுவது ஆய்வகச் சாயம். அசெட்டிக் அமிலத்தில் கரைத்த கிரெசில் வயலெட், இந்நோயில் அணுக்களுக்குள் தேங்கும் சல்ஃபடைடு என்னும் கொழுப்பில் பட்டதும் ஊதா நிறம் இழந்து பழுப்பாகிறது. இதைக் காண உறைநிலைச் சீவல் (திசுவை உறையவைத்து வெட்டிய மெல்லிய துண்டு) வேண்டும். பாரஃபின் மெழுகில் பதித்தால், அதற்குமுன் ஊற்றும் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும். சாயம் பிடிக்க எதுவும் மிஞ்சாது. ஒன்று வேறொன்றாவதை இலக்கணத்தில் திரிதல் என்போம் (பொருள், 'பொருட்' ஆனதும் அப்படித்தான்). ஆகவே 'சாயந்திரி வெண்பொருட்சிதைவு' எனலாம்.

சல்ஃபடைடை உடைக்கும் அரைல்சல்ஃபடேஸ் ஏ நொதி இல்லாததே தேக்கத்துக்குக் காரணம். வெள்ளணுக்களில் நொதியை அளக்கும்போது ஏமாற இடமுண்டு: நோயே இல்லாத சிலருக்கும் அளவு இயல்பில் 5 முதல் 15 விழுக்காடுதான் இருக்கும். இது 'போலிக் குறைபாடு'. சிறுநீரில் சல்ஃபடைடு கூடியிருக்கிறதா என்றும், மரபணுவில் பிழை உண்டா என்றும் பார்க்காமல் நோயென்று முடிவுகட்டக் கூடாது.

நொதியை இரத்தத்தில் ஏற்றினால் இரத்தத்திலிருந்து பொருள்கள் மூளைக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து போதிய அளவு உள்ளே போகாது. அதனால் ஆய்வு வேறு வழியில் சென்றது. இரத்த அணுக்களை உண்டாக்கும் குழந்தையின் சொந்தக் குருத்தணுக்களை எடுத்து, லெண்டிவைரஸ் கடத்தியால் (மரபணுவைச் சுமந்து செல்லுமாறு மாற்றிய வைரஸால்) சரியான மரபணுவைப் புகுத்துகிறார்கள். புசல்ஃபான் மருந்தால் எலும்பு மச்சையில் இடம் ஒழித்தபின் அவற்றைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். அவற்றின் வழிவந்த அணுக்களில் சில மூளையில் குடியேறி நொதியைச் சுரக்கின்றன. பக்கத்து அணுக்கள் அதை உள்ளிழுத்துக்கொள்கின்றன. இச்சிகிச்சைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரிலும் அமெரிக்கா 2024 மார்ச்சிலும் ஒப்புதல் அளித்தன. குடியேற்றத்துக்குப் பல மாதங்கள் பிடிக்கும், நோயோ அதைவிட விரைவாக ஓடும். அதனால்தான் இரண்டரை வயதுக்குள் தொடங்கும் வகையில், அறிகுறி தெரியுமுன்பே சிகிச்சை தர வேண்டியிருக்கிறது.