பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறது, பக்கம் யார் பெயரில் இருக்கிறது?

தீபாவளி நெருங்கும் நேரத்தில் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பலகாரக் கடை அண்ணாச்சி கூப்பிட்டார். வெளியூருக்குப் பார்சல் அனுப்பிப் பெயர் வாங்கிய கடை. கூகுள் மேப்பில் தேடினால் கடைப் படம், தெரு, திறக்கும் நேரம் எல்லாம் சரியாக இருக்கிறது. போன் நம்பர் மட்டும் வேறு. அந்த நம்பரை எடுப்பவர் இன்னொரு கடைக்காரர். வருடம் முழுக்கக் காத்திருந்த ஆர்டர் அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

"பக்கத்த ஆரம்பிச்சுக் கொடுத்த பையனுக்குப் போன வருசமே கணக்க முடிச்சாச்சு தம்பி. பாஸ்வேர்டு எங்கிட்ட நோட்டுல எழுதியே இருக்கு" என்றார். நோட்டில் இருந்தது அவருடைய சொந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டு. கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவின் ஓனர் அந்தப் பையன். அண்ணாச்சி அதில் மேனேஜராகச் சேர்க்கப்பட்டிருந்தார். கணக்கு முடிந்ததும் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இப்படி ஒரு போன் வராத மாதமே இல்லை என்றாகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போது லாட்ஜ்காரர்கள் கூப்பிடுவார்கள். அறைக்கு முன்பணம் கட்டியதாக ஒரு குடும்பம் வந்து நிற்கும், லாட்ஜ் கணக்கில் பணமே வந்திருக்காது. பதிவில் இருக்கும் நம்பர் யாரோ ஒரு புரோக்கருடையது. குழந்தைகளோடு மழையில் வந்து இறங்கியவர்களிடம் என்ன பதில் சொல்வது? அவர்கள் திட்டுவது புரோக்கரை அல்ல, லாட்ஜைத்தான்.

நம் தென் மாவட்டங்களில் இதன் பாதிப்பு அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே சரக்குக்கு ஊர்ப் பெயர்தான் அடையாளம். திருநெல்வேலி அல்வா, பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பானை, கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடி கருப்பட்டி. சென்னையிலோ துபாயிலோ இருக்கிற நம் ஊர்க்காரர் ஊர்ப் பெயரையும் பொருளையும் தட்டித் தேடுகிறார், மேலே வருகிற நம்பருக்குக் கூப்பிடுகிறார். கடைப் பெயர் அவருக்குப் பல நேரம் நினைவிருக்காது. 2020-இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் அது ஊர்ப் பெயரைத்தான் காக்கும். உங்கள் கடையின் கூகுள் பதிவை நீங்கள்தான் காக்க வேண்டும்.

போன் வழி வியாபாரம் வளர்ந்த வேகமும் சேர்ந்துகொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. யூபிஐ வந்ததும் அதே ஆண்டுதான். 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. 2020 ஊரடங்கில், கடைக்கதவைத் திறக்க முடியாதவர்கள்கூடப் போனில் ஆர்டர் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். அவசரத்தில் யார் கையில் போன் இருந்ததோ அவரே பக்கத்தை உருவாக்கினார்: தங்கச்சி மகன், பில் போடும் பெண், தெரிந்த ஏஜென்சி. யார் பெயரில் உருவாகிறது என்று கேட்க அன்று நேரமில்லை. அதற்குப் பிறகாவது கேட்டிருக்கலாமே!

இப்போது, எனக்குப் பொறுமை போகிற இடத்துக்கு வருகிறேன். "பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு, அப்போ பக்கம் என்னுதுதானே?" இல்லை. சாவி கையில் இருப்பதும் பத்திரம் உங்கள் பெயரில் இருப்பதும் ஒன்றா? பாளையங்கோட்டையில் ஒரு சென்ட் இடம் வாங்க வில்லங்கம் பார்க்கிறீர்கள், பட்டா பார்க்கிறீர்கள், மூலப்பத்திரம் கேட்கிறீர்கள். பாதி வியாபாரம் வருகிற இடத்துக்கு ஒன்றுமே பார்ப்பதில்லை.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக் பக்கத்துக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டே கிடையாது. ஒரு மனிதரின் சொந்தக் கணக்கு வழியாகத்தான் அதற்குள் போக முடியும். ஆகவே "பக்கத்தோட பாஸ்வேர்டு இதுதான் அண்ணாச்சி" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அது பெரும்பாலும் அவர் உங்களுக்காகத் திறந்த வேறொரு கணக்கின் பாஸ்வேர்டு. அந்தக் கணக்குக்கு முழு அதிகாரம் இருக்கிறதா, போஸ்ட் போடும் அதிகாரம் மட்டும்தானா என்பதே கேள்வி. முழு அதிகாரம் உள்ள இன்னொருவர் நினைத்தால் அந்தக் கணக்கை ஒரு நொடியில் வெளியே தள்ளலாம். பக்கமே ஏஜென்சியின் பிசினஸ் கணக்குக்கு (நிறுவனங்கள் தங்கள் பக்கங்களை வைத்துக்கொள்ளும் பேஸ்புக் கணக்கு) சொந்தமாகச் சேர்க்கப்பட்டிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. முறைப்படி, பக்கம் உங்கள் பிசினஸ் கணக்கில் இருக்க வேண்டும், ஏஜென்சிக்குப் பார்ட்னர் அனுமதி, அதாவது அதில் வேலை பார்க்கும் அனுமதி மட்டும் தர வேண்டும்.

கூகுள் பதிவில் முதன்மை ஓனர், ஓனர், மேனேஜர் என்று படிகள் உண்டு. முதன்மை ஓனர் நீங்களாக இருக்க வேண்டும். புதிதாக ஓனர் ஆனவர் முதல் 7 நாளுக்கு மற்றவர்களை நீக்க முடியாது. அதனால் சண்டை வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இன்ஸ்டாகிராமுக்குப் பாஸ்வேர்டு உண்டுதான். ஆனால் மறந்துபோனதாகச் சொல்லிப் புது பாஸ்வேர்டு கேட்டால், ஓடிபி எந்த நம்பருக்குப் போகிறது? எந்த மின்னஞ்சலுக்குப் போகிறது? அது யாருடையதோ அவர்தான் ஓனர். நோட்டில் எழுதி வைத்தது அந்த நிமிடமே செல்லாததாகிவிடும்.

வாட்ஸ்அப்பில் எல்லாமே சிம் கார்டுதான். கடை போஸ்டரிலும் பையிலும் அச்சடித்த நம்பர், வேலையை விட்டுப் போன பையன் பெயரில் இருக்கிறது. அவர் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், 90 நாள் பயன்பாடே இல்லாத இணைப்பைப் போன் கம்பெனி நிறுத்திவிட்டு நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும். அப்புறம் உங்கள் வாடிக்கையாளர் அனுப்பும் "இரண்டு கிலோ வேணும்" யார் போனுக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றே அந்த சிம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு பின் போடுங்கள். கடைக்கென்று ஒரு ஜிமெயில் திறந்து, அதன் மீட்பு நம்பராக வீட்டில் உள்ள ஒருவரின் நம்பரைக் கொடுங்கள், கடைப் பையன் நம்பரைக் கொடுக்காதீர்கள்.

இணையதளம் இருந்தால் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். புதுப்பிக்கும் தேதி காலண்டரில் இருக்கட்டும். தவறவிட்டால் வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ளலாம்.

விளம்பரக் கட்டணத்தையும் உங்கள் கார்டிலிருந்து கட்டுங்கள். ஏஜென்சி கார்டில் ஓடினால் பில் அவர்கள் பெயரில் வரும். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் கட்டிய வரியை உங்கள் கணக்கில் கழிக்க வழி இல்லை. அதைவிட, யார் விளம்பரத்தைத் தட்டினார்கள், எந்த ஊர்க்காரர் வாங்கினார் என்ற விவரமெல்லாம் அவர்களுடைய விளம்பரக் கணக்கிலேயே தங்கிவிடும். காசு கொடுத்தது நீங்கள், தெரிந்துகொண்டது அவர்கள். இதைச் சொன்னால் பலருக்கு முகம் மாறிவிடுகிறது. பில் தொகையைப் பைசா பைசாவாகப் பார்ப்பவர்களும் இதைக் கேட்பதே இல்லை.

உரிமை சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை வந்தபோது, அதில் மட்டும் வீடியோ போட்டு வியாபாரம் செய்தவர்கள் ஒரே ராத்திரியில் வெறுங்கையோடு நின்றார்கள். அவர்கள் கணக்கு அவர்கள் பெயரில்தான் இருந்தது. அதனால் வாங்குபவரின் பெயரையும் நம்பரையும், அவர் சம்மதத்தோடு, உங்கள் கடை நோட்டில் எழுதுங்கள். எக்செல்லில் போட்டாலும் சரி. ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும். ஆகவே பார்சலோடு வைக்கும் சீட்டில் "நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள்.

கடைகளுக்குப் பக்கம் ஆரம்பித்துக் கொடுக்கும் என் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல, அது எனக்குத் தெரியும். அவசரத்தில் உங்கள் சொந்த ஜிமெயிலில் ஆரம்பித்துவிட்டு அப்படியே விட்டவர்கள்தான் அதிகம். பேசிய சம்பளத்தைத் தராமல் இழுத்தடிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அதற்காகப் பக்கத்தைப் பிடித்து வைக்காதீர்கள். பாக்கியை எழுத்தில் கேளுங்கள், ஒப்பந்தத்தில் போடுங்கள், அடுத்த மாத வேலையை நிறுத்துங்கள். அந்தக் கடையை நம்பி அப்பளம் இடுகிற பெண்களும் பாய் நெய்கிறவர்களும் இருக்கிறார்கள், சண்டையில் அவர்கள் கூலிதான் முதலில் போகிறது. அண்ணாச்சிமாரே, நீங்களும் வேலைக்கான காசைக் காலத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கைவிட்டுப் போனவர்கள் செய்ய வேண்டியது இது. கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பதிவைத் திறந்து, உரிமை கேட்கும் கோரிக்கையை அனுப்புங்கள். இப்போதைய ஓனருக்குப் பதில் சொல்ல 3 நாள் அவகாசம். அவர் பதில் சொல்லாவிட்டால், கடை உங்களுடையது என்று நிரூபித்துப் பதிவை நீங்களே கோரும் வாய்ப்பு வரலாம். பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள்: தெரு, பெயர்ப்பலகை, நீங்கள் கடையைத் திறப்பது, எல்லாம் ஒரே வீடியோவில், வெட்டாமல். பெயர்ப்பலகையும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் கடைப் பெயரைச் சொல்லி யாராவது பணம் பிடுங்கியிருந்தால், ஏமாந்த வாடிக்கையாளரை உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். போலி நம்பர் தெரியும் திரையைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர்கள் அதை மாற்றும் முன்பே.