அலமாரி மேலிருந்த சேலை: பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

மலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் மனக்குறையைச் சொல்ல அந்தப் பக்கம் போவார்கள். அந்தப் பக்கத்தார் இங்கே வருவார்கள். செங்கோட்டையில் மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம் வருபவர்களில் பலர் கேரளப் பக்கமுள்ள ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கத்துத் தமிழர்கள். எங்கள் ஊர்க்காரர்களோ கொல்லம் ரயிலில் ஏறிப் புனலூரில் இறங்குகிறார்கள். 1956 நவம்பரில் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேரும்வரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சிதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றும் நிற்கவில்லை. ஆனாலும் மாநில எல்லையிலுள்ள புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால், 'நீ இன்னார் மகன்தானே?' என்று கேட்கும் ஆட்கள் குறைந்துவிடுகிறார்கள்.

அந்த வசதி யாரைவிடவும் அதிகம் தேவைப்படுவது, வாரத்தில் ஒரு நாளோ சில மணி நேரமோ மட்டும் பெண்ணாக வாழ்பவர்களுக்கு. ஊரில் அவர்கள் கணவர், தகப்பன், கடைக்காரர், ஓட்டுநர். சிலர் தம்மைத் திருநங்கை என்கிறார்கள். சிலர் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. அவர்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே நான் ஏற்றுக்கொள்கிறேன். இங்கே எழுதுவது தனி ஒருவருடைய கதை அல்ல. பலருடைய அனுபவங்களை, ஆள் அடையாளம் தெரியாதபடி சேர்த்தும் மாற்றியும் எழுதுகிறேன்.

திங்கள்கிழமை காலையானால் வயிற்றுவலி என்று ஒரு சிறுவனை அழைத்து வந்தார்கள். குழந்தை மருத்துவர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார். தனியாக உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னேன். இரண்டு வீடு வரைந்தான். ஒன்றில் அம்மாவும் அவனும். இன்னொன்றில் அப்பாவும், முகம் வரையாத ஒரு பெண்ணும். அலமாரிக்கு மேலே ஒரு பையில் சேலை இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அது அம்மாவின் சேலை இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் வெளியே போகும் அப்பாவுக்கு வேறொரு வீடு இருக்கிறது, ஒருநாள் அங்கேயே தங்கிவிடுவார் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். யாரிடமும் கேட்கவில்லை. அத்தை வீட்டுக்கு வந்தால் மட்டும் ஓடிப்போய் அந்த அறைக் கதவைச் சாத்தினான்.

பெற்றோர் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நாம் நினைத்திருக்கும்போது, பாதியைப் பார்த்துவிட்டு மீதியைப் பிள்ளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. அது நிரப்பிக்கொள்ளும் கதை பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியது. சேலை அந்தச் சிறுவனை வதைக்கவில்லை. தான் கண்டதைக் கேட்கக்கூடாது, பிறர் காணாமல் காக்கவும் வேண்டும் என்று அவனே தன் தலையில் ஏற்றிக்கொண்ட சுமைதான் வதைத்தது.

அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொன்னார்கள். நீளமான விளக்கம் எதுவும் இல்லை. அப்பா சொன்னது இதுதான்: அந்தச் சேலை என்னுடையது. சில நாள் பெண்ணாக உடுத்தி இருந்தால் எனக்கு மனது நிம்மதியாக இருக்கிறது. இது நோயும் அல்ல, தப்பும் அல்ல. உன்னைவிட்டு எங்கும் போகமாட்டேன். அவ்வளவுதான். அவன் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் அந்த இன்னொரு வீட்டில் யாருமே இல்லையா என்பது. இரண்டாவது கேள்வி, மாலையில் கிரிக்கெட் விளையாட வருவீர்களா என்பது.

சின்ன வயதுப் பிள்ளைகள் இதைப் பெரும்பாலும் சுலபமாக எடுத்துக்கொள்கிறார்கள். பதின்ம வயதில் முதன்முதலாகக் கேள்விப்படும் பிள்ளைக்குத் தோழர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம் முன்னே வந்து நிற்கும், கோபமும் வரும். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுங்கள். எந்த வயதானாலும், 'யாரிடமும் மூச்சு விடாதே' என்று சத்தியம் வாங்காதீர்கள். இது நம் வீட்டு விஷயம், உனக்குப் பாரமாக இருந்தால் இன்னாரிடம் பேசலாம் என்று சித்தியையோ மாமாவையோ காட்டிவிடுங்கள்.

பிள்ளையும் அப்படியே ஆகிவிடுமோ என்று தாத்தா பாட்டி கேட்பார்கள். அப்படி ஆனால் அது கேடு என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கேட்பவருக்குப் பதில் உண்டு. 1978-இல் ரிச்சர்டு கிரீன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், பாலினம் மாறி வாழ்ந்தவர்களும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் வளர்த்த 37 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். ஒருவரைத் தவிர மற்ற எல்லோருடைய விளையாட்டும் உடையும் நட்பும் அந்தந்த வயது ஆண் பெண் பிள்ளைகளுக்கு வழக்கமானவையாகவே இருந்தன.

இனி கடைத்தெரு. வீட்டில் கட்டிக் காத்த ஏற்பாடெல்லாம் உடைவது அங்கேதான். புனலூரில் ஒரு காய்கறிக் கடை. சேலையும் குடையுமாக நிற்பவரைக் கடைக்காரர் 'சேச்சி' (அக்கா) என்கிறார். குரல் காட்டிக் கொடுத்துவிடும் என்று அவர் விரலால் சுட்டிக்காட்டியே வெண்டைக்காயும் சேனையும் வாங்குகிறார். கைப்பேசி அடிக்கிறது. மறுமுனையில் மகள்: 'அப்பா, வரும்போது கிராஃப் நோட்டு வாங்கி வாங்க.' கூடையை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு கடை தள்ளி ஒரு லாரிக்குப் பின்னால் போய் நின்றுதான் அவரால் 'சரிம்மா' என்று சொல்ல முடிந்தது. இதைச் சொல்லும்போது என் அறையில் அவர் அழுதார். சேச்சி என்று அழைக்கப்பட்ட மகிழ்ச்சியும், மகளுக்குப் பதில் சொல்ல ஒளிய வேண்டியிருந்த வேதனையும் ஒரே நிமிடத்தில் வந்தவை.

இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, பெண்ணாக வெளியே போகும் நாளிலும் நீங்கள் பெற்றோர்தான் என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் யார் போவது? வீட்டில் இன்னொருவர் பெயரையும் பள்ளியில் பதிந்து வையுங்கள். பையில் ஒரு சட்டையும் கால்சட்டையும் இருக்கட்டும். கண்மை தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சுக்குப் போய்விடும், நகப்பூச்சு போகாது. மறுநாள் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் அதைத் தவிர்த்துவிடலாம். முன்பதிவு டிக்கெட் அடையாள அட்டையில் உள்ள பெயரிலும் பாலினத்திலும் இருந்தால் பரிசோதகரிடம் விளக்கம் சொல்லும் தொல்லை இல்லை.

ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய், 'இன்று என்னை அத்தை என்று கூப்பிடு' என்று சொல்லாதீர்கள். செருப்புக் கடையில் வாய் தவறி 'அப்பா' என்று கூப்பிட்டுவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் உறைந்து நின்ற ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். பிள்ளை இயல்பாகக் கூப்பிடும் பெயரைப் பத்துப் பேர் நடுவிலும் உங்களால் ஏற்றுக்கொள்ள முடியும் என்ற நாள் வரட்டும். அதுவரை தனியாகப் போங்கள்.

மனைவியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல வீடுகளில், கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று மறைத்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண் ஏமாற்றப்பட்டவர். அவருக்குத் தனியாக ஆலோசனை வேண்டும். கூட வாழ்வதா பிரிவதா என்பதை அவர் அவசரமின்றி முடிவு செய்ய வேண்டும். கணவருக்கு உடை தேர்ந்து கொடுப்பவர்களும் உண்டு, பார்க்கவே முடியாது என்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயமே. பிரிந்தாலும் பிள்ளை முன்னால் ஒருவரையொருவர் இழிவாகப் பேசாதிருந்தால் பிள்ளை தேறிவிடும். பிள்ளையைப் பறித்துவிடுவோம் என்று மிரட்டும் உறவினர்களுக்கு: காப்பாளர் வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. உடை ஒன்றே தகுதியின்மை என்று 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

மலையாள மீன மாதத்தில் (நம் பங்குனி) கொல்லம் அருகே சவறாவில், கொற்றங்குளங்கரை தேவி கோயிலில் ஆண்கள் பெண்ணாக அலங்கரித்து விளக்கெடுக்கும் சமயவிளக்கு நடக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் நேர்த்திக்காக வருகிறார்கள். சிலருக்கோ குடும்பத்தோடு, கேள்வி இல்லாமல், பூ வைத்து நிற்க முடிகிற ஒரே இரவு அது. மறுநாள் காலையில் அதே உடைக்கு அதே குடும்பம் மந்திரவாதியைத் தேடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பழைய நோய்ப் பட்டியலில், சில நேரம் மட்டும் மறுபாலினத்தவராக உடுத்தி வாழ்வதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில் அது இல்லை. ஒருவருடைய பாலின உணர்வையோ ஈர்ப்பையோ மாற்றிக் காட்டுகிறேன் என்று செய்யும் சிகிச்சைகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. அவை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் தன் பாலினத்தை வெளிப்படுத்துவது கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது.

ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆபத்து: மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தாமாகவே விழுங்குவது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் ரத்தக் கட்டியை உண்டாக்கலாம்; புகைபிடிப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீரென மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; விழுங்கியதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டுரையிலோ படத்திலோ பிள்ளை இப்படி எதையாவது எழுதியிருந்தால், அதை ஆசிரியர் அறையில் கைமாற்றிப் பார்க்காதீர்கள். பிள்ளையிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். பெற்றோரோ பிள்ளையோ மனம் உடைந்திருந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.