மழைக்காலத்தில் கதவு ஏன் பிடிக்கிறது?

“வெயில் காலத்தில் லேசாகத் திறக்கும் தேக்குக் கதவு, மழை பிடித்ததும் நிலையில் முட்டுகிறது. அகலம் மட்டும் கூடுகிறது, உயரம் கூடுவதில்லையே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியின் பின்பாதிதான் அருமை. விடை மரத்தின் செல் சுவருக்குள் இருக்கிறது.

பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கும்: செல்லின் நடுவிலுள்ள குழாயில் ஒரு பங்கு, செல் சுவருக்குள் இன்னொரு பங்கு. குழாய்த் தண்ணீர் போனால் எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் உலர் எடையில் சுமார் 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்த் தண்ணீர் கிளம்புகிறது. சுருக்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சுவர் முழுக்க செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளாலான நுண்ணிழைகள். ஒவ்வொன்றும் சில நானோமீட்டர் தடிமன்தான். சுவரின் தடித்த நடு அடுக்கில் அவை செல்லின் நீளவாக்கிலிருந்து ஏறக்குறைய 10 முதல் 30 டிகிரிதான் சாய்ந்து, திருகுபோலச் சுற்றியிருக்கின்றன. இழையின் படிகப் பகுதிக்குள் தண்ணீரால் நுழைய முடியாது. இழைகளுக்கு இடையே நிரம்பிய ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளிலும் இழைகளின் மேற்பரப்பிலும் உள்ள, தண்ணீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளை அது பற்றிக்கொண்டு, இழைகளைப் பக்கவாட்டில் விலக்குகிறது. விறகுக் கட்டின் குச்சிகளுக்கு நடுவே விரலை நுழைத்தால் கட்டு பருக்குமே தவிர நீளாது. இங்கே நடப்பதும் அதுதான்.

பச்சை மரம் முற்றிலும் காய்ந்தால் நீளவாக்கில் பொதுவாக 0.1 முதல் 0.3 சதவீதமே குறையும். தேக்கில் மையத்திலிருந்து பட்டை நோக்கிய ஆரத்திசையில் சுமார் 2.5 சதவீதம், ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5.5 சதவீதம். ஆரத்திசையில் ஓடும் கதிர்ச் செல்கள் அந்தப் பக்கம் இழுத்துப் பிடிப்பது இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம். வளையங்களை ஒட்டி அறுத்த பலகை காயும்போது குழிவது இதனால்தான். மரத்தின் நடுத்தண்டை ஒட்டிய இளம் பகுதியில் நுண்ணிழைகளின் சாய்வு அதிகம். அங்கே அறுத்த பலகை நீளத்திலும் சுருங்கி வில்லாக வளையும். கதவுக்கு அதைத் தொடவே கூடாது.

காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் 8 சதவீதத்தில் வந்து நிற்கும். 75 சதவீதமானால் 14. இந்த 6 சதவீத ஏற்றத்துக்குத் தேக்கு வளையத்திசையில் ஏறத்தாழ 1.2 சதவீதம் உப்பும். 900 மில்லிமீட்டர் அகலக் கதவு முழுக்கப் பலகைகளை ஒட்டிச் செய்ததானால், கிட்டத்தட்ட 11 மில்லிமீட்டர் கூடும். எந்த நிலையும் தாங்காது.

சட்டம் அடித்துச் செய்யும் கதவின் அழகு இங்கேதான். குறுக்குச் சட்டங்களின் நீளவாக்கு கதவின் அகலத்தில் ஓடுவதால் அவை அசைவதில்லை. இரண்டு பக்கச் சட்டங்களும் தலா 100 மில்லிமீட்டர் என்றால், உப்புவது மொத்தம் 2.4 மில்லிமீட்டர் மட்டுமே. நடுப்பலகை, சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் தானாக நகர்ந்துகொள்ளும். அதைப் பசை போட்டு ஒட்டினால் போச்சு: கோடையில் பலகை பிளக்கும், மழையில் மூட்டு விடும்.

மர அலமாரி இரவில் ‘டக்’கென்று சத்தமிடுவதும் இப்படி அடைபட்ட அசைவு சட்டென விடுபடுவதால்தான். அதைக் கெட்ட சகுனம் என்று சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மர இனத்தின் சுருக்க அளவைக் கண்டறிய 103 டிகிரி செல்சியஸில் நிற்கும் ஓவன், தராசு, வெர்னியர் காலிப்பர் போதும். துண்டின் எடை இறங்குவது நிற்கும்வரை காயவைக்க வேண்டும். பெரும்பாலும் 24 மணி நேரம் ஆகும். பச்சையில் 150 கிராம், காய்ந்தபின் 100 கிராம் என்றால் ஈரம் 50 சதவீதம். இவ்வளவு மலிவான அளவீட்டை, அதிகம் அறியப்படாத மர இனங்களுக்கெல்லாம் செய்து முடிக்க ஆய்வு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேக்கையே நம்பியிருக்கும் நிலை அதனால் குறையும்.

வாசகரின் கதவுக்கு வருவோம். அடைமழையில் இழைப்புளியை எடுக்காதீர்கள். அப்போது சீவினால் கோடையில் இடைவெளி விழும். முட்டும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு, உலர் காலத்தில் கதவைக் கழற்றுங்கள். குறித்த இடத்தில் பூட்டுப் பக்கமும் கீல் பக்கமும் சேர்த்து 4 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை சீவுங்கள். பிறகு சீவிய விளிம்புக்கு பெயிண்ட் அடியுங்கள். மேல், கீழ் விளிம்புகளையும் விடக்கூடாது. பலர் அடிக்காமல் விடுவது அவற்றைத்தான். பக்கச் சட்டங்களின் வெட்டுமுனை அங்கே திறந்திருக்கும். குழாய்களின் வாய் வழியே பக்கப் பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஈரம் ஏறும். இரண்டு பூச்சு கொடுங்கள். பெயிண்ட் ஈரத்தை முழுதாகத் தடுக்காது, ஆனால் ஏறும் வேகத்தைக் குறைக்கும். சில நாள் மழைக்கு அது போதும்.