மண்பாதையை வரைபடத்தில் எந்த வகையில் சேர்ப்பது?

வழிகாட்டிச் செயலியை நம்பிப் போய் வயல் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்று யாராவது புலம்பினால், பழி செயலியின் தலையில்தான் விழும். ஆனால் பல சமயம் கோளாறு செயலியில் இருக்காது. அது படிக்கும் வரைபடத்தில், அந்த மண்பாதைக்கு யாரோ போட்டு வைத்த ஒரு டேகில், அதாவது சாலையைப் பற்றிய விவரக் குறிப்பில், இருக்கும்.

2004-ல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் சாலை வரையலாம். கோடு போடுவது சுலபம், சாலையின் வகையைச் சொல்லும் ‘ஹைவே’ டேகில் என்ன மதிப்பு எழுதுவது என்பதில்தான் சண்டையே. பெரிய சாலைகளுக்குப் பெரும்பாலும் அரசே எண் கொடுத்திருக்கும், தகராறு குறைவு. குழப்பமெல்லாம் கீழ்த்தட்டில்: ஊர்களை இணைக்கும் சிறு சாலை ‘அன்கிளாசிஃபைடு’, வீடுகள் வரிசையாக உள்ள தெரு ‘ரெசிடென்ஷியல்’, ஒரு வளாகத்துக்குள்ளோ தனி வீட்டுக்கோ போவது ‘சர்வீஸ்’, வயலுக்கும் காட்டுக்கும் போகும் வண்டித்தடம் ‘ட்ராக்’. (அன்கிளாசிஃபைடு என்பது பிரிட்டிஷ் சாலை முறையிலிருந்து வந்தது, வகை தெரியாதது என்று பொருளல்ல. வகை தெரியாத சாலைக்கு ‘ரோடு’ என்று தனி மதிப்பு இருக்கிறது.)

இந்த டேக் கேட்பது, சாலை எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான். எவ்வளவு மோசமாகக் கிடக்கிறது என்பதை அல்ல. ஒரு ஊருக்கு இருப்பதே ஒரு வழி, அதுவும் மழை பெய்தால் சேறாகிவிடும் என்றாலும் அது அன்கிளாசிஃபைடுதான், இன்னும் முக்கியமானதாக இருந்தால் அதற்கும் மேலே. கான்கிரீட் போட்டுப் பளபளவென்று இருந்தாலும் வயல்களுக்கு மட்டும் போகிறதா, அது ட்ராக். தார் இல்லை என்றாலே ட்ராக் என்று போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. காருக்கு வழி தேடும் நிரல்களில் பல, ட்ராக்கை ஒதுக்கிவிடும் அல்லது வேறு வழியில்லாதபோது மட்டும் எடுக்கும் என்பதால், அந்த ஊருக்குப் போக வழியே இல்லை என்று பதில் வரும்.

சரி, மோசமான நிலையை எங்கே சொல்வது? அதற்குத் தனி டேகுகள் இருக்கின்றன. ‘சர்ஃபேஸ்’ தாரா, ஜல்லியா, மண்ணா என்று சொல்லும். ‘ஸ்மூத்னெஸ்’, மிகச் சிறப்பு முதல் வண்டி போகவே முடியாது என்பது வரை 8 படிகள். ட்ராக்குகளுக்கு மட்டும் 1 முதல் 5 வரை ‘ட்ராக்டைப்’, தரை எவ்வளவு கெட்டி என்று: 1 என்றால் தார் அல்லது நன்றாக இறுகிய தரை, 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். யார் போகலாம் என்பது மூன்றாவது கேள்வி, அதற்கு ‘ஆக்ஸஸ்’. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதில்தான் பாதி வம்பு என்பேன்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் பார்த்து வரையும்போது இது இன்னும் சிக்கலாகும். ஒரு தடம் தெரிகிறது, மூன்று வீடுகளைத் தாண்டுகிறது, அதுவரை ஒரே நிறம். அப்புறம் இரண்டு சக்கரக் கோடுகளும் நடுவில் பச்சையாக ஒரு புல் வரிசையும், கடைசியில் ஒரு கொட்டகை. முழுவதையும் ஒரே வகையாகப் போடக்கூடாது. கடைசி வீட்டில் கோட்டை வெட்டி, அதற்கப்புறம் ட்ராக் என்று போட வேண்டும். வெட்டும் இடத்தில் பூட்டிய கேட் இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது, நேரில் போனவர்தான் சொல்ல வேண்டும்.

மொத்தமாகக் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் டைகர் என்ற சாலைத் தரவை 2007, 2008-ல் அப்படியே ஏற்றினார்கள். உள்ளூர்ச் சாலை என்ற ஒரே குறியீட்டில் இருந்ததெல்லாம் ‘ரெசிடென்ஷியல்’ ஆகிவிட்டது, பண்ணைத் தடமும் பாலைவனத்து டயர்க் கோடும் உட்பட. ‘இன்னும் சரிபார்க்கவில்லை’ என்ற டேகோடு வந்த அந்தச் சாலைகளைத் தன்னார்வலர்கள் பல வருடங்களாகத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

பராமரிப்பு நின்றுபோன சாலைக்குச் சட்டமே வேறு பதில் வைத்திருக்கும் இடமும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஊராட்சி தொடர்ந்து 5 ஆண்டுகள் செப்பனிடாமல் விட்ட சாலை 6-ஆம் வகுப்புக்குப் போய்விடும்; பொதுச் சாலை என்ற உரிமை போகாது, செப்பனிடும் கடமைதான் போய்விடும். வரைபடத்தில் இதை ‘தனியார்’ என்று குறிப்பது தப்பு. அன்கிளாசிஃபைடோ ட்ராக்கோ, இன்றைக்கு யார் எதற்குப் போகிறார்கள் என்று பார்த்துப் போட்டுவிட்டு, நிலைமையை ஸ்மூத்னெஸில் எழுதலாம்.

மரம் முளைத்து மூடிய சாலையை என்ன செய்வது? வண்டியே போகவில்லை, ஆனால் கல் பாவிய அடித்தளம் இன்னும் தெரிகிறது என்றால், டேகின் முன்னால் ‘அபாண்டண்ட்’ (கைவிடப்பட்டது) என்ற முன்னொட்டைச் சேர்ப்பார்கள். வழித்தேடல் நிரல் அதன் பிறகு அதைச் சாலையாகவே எண்ணாது. கோட்டையே அழித்துவிட்டால் ஆகாதா என்று தோன்றலாம். அழித்தால், பழைய செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தடத்தைப் பார்க்கும் அடுத்த ஆள், விட்டுப்போன சாலை என்று நினைத்து மறுபடி வரைந்து வைத்துவிடுவார்.