ஜீன் பெனலுக்குக் காசு கட்டும் முன்

“டொக்டர், எல்லா ஜீனையும் ஒரேயடியாகப் பார்த்துவிடலாமே?” கொழும்பு வெள்ளவத்தை கிளினிக்கில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. மனிதருக்குப் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. பெனல் என்ற பரிசோதனை அவற்றில் ஒரு நோய்க்கூட்டத்தோடு தொடர்புள்ளவற்றை மட்டும் வாசிக்கும். வலிப்புக்கு ஒரு பெனல், தசை நோய்க்கு ஒன்று, பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்கு வேறொன்று. நாம் பிழையான பெனலைக் கேட்டால், மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

அதனால் இரத்தம் எடுக்கும் முன் குடும்பத்தை ஒரு தாளில் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்துக்குள் கலியாணம் என்றால் இரட்டைக் கோடு. அந்தக் கோட்டைப் போடும்போது சிலருக்கு முகம் சுருங்கும். மச்சான் மச்சாள் முடித்ததற்கு யாரையும் ஏச நான் அங்கே இருக்கவில்லை. எந்த வகை நோயை முதலில் யோசிப்பது என்று அது காட்டித் தரும்.

ஐந்து வயதுப் பையன் ஒருவன் (விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்). நிலத்திலிருந்து எழும்பத் தொடையில் கையூன்றினான், கெண்டைக்கால் பருத்திருந்தது. “எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை” என்றார் தாய். பக்கத்தில் இருந்த அம்மம்மா, “என்ர தம்பி பன்ரண்டு வயசில நடக்கேலாமப் போனவன். போலியோ எண்டு சொன்னவை” என்றார். தாய்வழி ஆண்கள் இருவர். தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வரும் தசை நலிவு நோயான டுஷேன் என்ற சந்தேகம் உடனே வலுத்தது.

அவர்கள் கொண்டுவந்தது தசை நோய்ப் பெனலுக்கான படிவம். டுஷேன் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த நோய்க்குரிய மரபணுவில் ஒரு பெரிய துண்டே இருக்காது. சில பெனல்கள் அதைத் தவறவிடும். முதலில், இப்படித் துண்டு இழந்திருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ பரிசோதனையைச் செய்தோம். பதில் அதிலேயே கிடைத்தது, பெனல் தேவைப்படவில்லை. ஹன்டிங்டன், ஃப்ரஜைல் எக்ஸ் போன்ற, மரபணுவின் எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்து நீளும் நோய்களையும் வழமையான பெனல் ஒழுங்காகப் பிடிக்காது. ஆக, “ஒன்றும் இல்லை” என்று ரிப்போர்ட் வந்தாலும் தேடலை அங்கே நிறுத்த முடியாது.

அப்புறம், அதிகம் பயமுறுத்துவது ‘வியுஎஸ்’ (VUS). நோய்க்குக் காரணமா இல்லையா என்று இன்னும் சொல்ல முடியாத மாற்றம் அது. உலகத் தரவுத்தளங்களில் தெற்காசியர் குறைவு. எங்களுக்குள் சாதாரணமான மாற்றங்கூட அங்கே அரிதாகத் தெரியும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 மரபணுவில் இப்படி ஒன்று இருந்ததற்காக மார்பை அகற்றலாமா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. அதை மட்டும் வைத்து அகற்றக் கூடாது. காலப்போக்கில் மறுவகைப்படுத்தப்படும் வியுஎஸ்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. குடும்பத்தில் புற்றுநோய் பலமாக இருந்தால் கண்காணிப்பை அந்த வரலாற்றைப் பார்த்துத் தீர்மானிப்போம்.

காசு கட்டும் முன் ஆய்வுகூடத்தில் கேளுங்கள்: எந்தெந்த மரபணுக்கள், துண்டு இழப்பும் பார்ப்பீர்களா, விளக்கம் சொல்ல யார் இருக்கிறார்கள்? ரிப்போர்ட்டின் பிடிஎஃப்பை வாங்கி வைத்து, இரண்டு மூன்று வருடம் கழித்து அதையே மறுபடி காட்டுங்கள். பல நேரம் புதிதாக இரத்தம் எடுக்கவே தேவைப்படாது.